எழுத்துக்கூட்டுவது முதல் பொருள் பிடிப்பது வரை: பிள்ளைகளின் வாசிப்பு பற்றி நெல்லைப் பக்கத்து அம்மாக்களும் ஆச்சிகளும் கேட்ட கேள்விகள்

சேரன்மகாதேவி சுற்றுவட்டாரத்தில் 23 வருடம் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். பெற்றோர் கூட்டத்திலும், பஸ் ஸ்டாப்பிலும், ரேஷன் கடை வரிசையிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

“டீச்சர், எம்பிள்ள ரெண்டாங் கிளாஸ் முடிக்கப் போறா. இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கா. கவலப்படணுமா?”

எழுத்துக்கூட்டுவது எல்லாப் பிள்ளைகளும் ஏறி வர வேண்டிய படி. தமிழில் 247 எழுத்து. பெரியவர்களுக்கு அது பழகிப்போனதால் அதில் இருக்கும் சிக்கல் கண்ணில் படுவதில்லை. ‘கொ’ என்ற எழுத்தைப் பாருங்கள். கண் முதலில் பார்ப்பது கொம்பை. ஆனால் வாய் முதலில் சொல்ல வேண்டியது ‘க்’. இதை ஆறு வயதுக் குழந்தை தலைக்குள் திருப்பிப் போட வேண்டும். உகர வரிசையில் கு, சு, து, மு, யு என்று எழுத்துக்கு எழுத்து வால் மாறுகிறது. ‘கௌ’ எழுத்தில் கடைசியில் நிற்பது ‘ள’ மாதிரியே இருக்கிறது, ஆனால் அது ‘ள’ இல்லை. உயிர்மெய் எழுத்துள்ள மொழிகளில் இதற்குக் காலம் பிடிக்கும். கன்னடப் பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வுகளில், நாலாம் வகுப்பு வரைகூட எழுத்துகள் கைவந்துகொண்டே இருப்பதைக் கண்டிருக்கிறார்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஒரே பக்கத்தில் ‘மரம்’ என்ற சொல் ஐந்து தடவை வந்தால், ஐந்தாவது தடவையும் ‘ம... ர... ம்’ என்றே கூட்டுகிறாளா, இல்லை இரண்டாவது, மூன்றாவது தடவையில் பார்த்ததும் ‘மரம்’ என்று சொல்லிவிடுகிறாளா? பார்த்ததும் சொன்னால், பைய (மெதுவாக) வந்துவிடுவாள். ஐந்தாவது தடவையும் முதல் தடவை போலவே இருந்தால் வகுப்பு டீச்சரிடம் பேசுங்கள். எந்த எழுத்தில் நிற்கிறாள் என்று குறித்துக்கொண்டு போனால் பேச்சு சீக்கிரம் முடியும்.

“மூணாங் கிளாஸ்ல நிமிசத்துக்கு 60 வார்த்த வாசிக்கணுமாமே?”

2021-ல் மத்திய அரசு தொடங்கிய நிபுண் பாரத் திட்டத்தில் மூன்றாம் வகுப்புக்கு அப்படி ஒரு இலக்கு இருக்கிறது. அதை அப்படியே நம் பிள்ளைகள் தலையில் வைத்து அழுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ‘அவள் வந்தாள்’ இரண்டு சொல். ‘வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து’ ஒரே சொல். இரண்டாவதை வாசித்து முடிப்பதற்குள் முதலாவதை இரண்டு, மூன்று தடவை வாசித்துவிடலாம். தமிழில் சொல்லோடு சொல் ஒட்டிக்கொண்டு நீண்டுகொண்டே போகும்போது, சொல்லை எண்ணி வேகத்தை அளப்பது பாடத்துக்குப் பாடம் வேறு கணக்கைத்தான் காட்டும்.

அளந்து பார்க்க ஆசைப்பட்டால் பிள்ளையை அவளுடைய பழைய அளவோடு மட்டும் ஒப்பிடுங்கள். போன மாதம் ஒரு நிமிடத்தில் சரியாக வாசித்தது 28 சொல், இந்த மாதம் அதே தரத்துப் பாடத்தில் 37 சொல் என்றால் அது வளர்ச்சி. பக்கத்து வீட்டுப் பிள்ளை 70 வாசிக்கிறது என்பதை வைத்து உங்கள் பிள்ளையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

சரளம் என்பதில் மூன்று சேர்ந்திருக்கின்றன: பிழையில்லாமல் வாசிப்பது, தடங்கல் இல்லாத வேகம், பேசுவது மாதிரியான ஏற்ற இறக்கம். இதில் வேகம் ஏன் வேண்டியிருக்கிறது என்பதை எங்கள் பக்கத்தில் பீடி சுற்றும் வீட்டில் போய்ப் பார்க்கலாம். புதிதாகத் தொழில் பழகும் பிள்ளை இலையையே முறைத்துப் பார்த்துக்கொண்டு இருக்கும். தூள் வைத்தாளா, நூல் கட்டினாளா என்பதற்கே மூளை சரியாகப் போய்விடும். பக்கத்தில் யார் என்ன பேசினாலும் காதில் விழாது. அவள் ஆச்சிக்குக் கை தானாகச் சுற்றும். கண் தெருவில் இருக்கும், வாய் எதிர்வீட்டோடு பேசும். வாசிப்பும் அதேதான். எழுத்தில் இருந்து ஓசையை எடுக்கும் வேலை கைப்பழக்கம் மாதிரி ஆகிவிட்டால்தான் பொருளை நினைக்க மனதில் இடம் கிடைக்கும். ‘க... ரை... பு... ர...’ என்று போகும் பிள்ளைக்குக் கடைசி எழுத்து வருவதற்குள் முதல் எழுத்து மறந்திருக்கும்.

ஏற்ற இறக்கத்தைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. நான் அதைத்தான் முதலில் கேட்பேன். “அம்மா சுட்ட தோசையை / தம்பி தின்றான்” என்று மூச்சு விடுகிற பிள்ளைக்கு வாக்கியம் பிடிபட்டுவிட்டது. “அம்மா / சுட்ட தோசை / யைத் தம்பி” என்று வாசிக்கிற பிள்ளைக்கு எழுத்து மட்டும் தெரிகிறது.

“படபடன்னு வாசிக்கான். என்ன வாசிச்சன்னு கேட்டா முழிக்கான். ஏன்?”

ஒரு சம்பவம் சொல்கிறேன். 2023 டிசம்பரில் தாமிரபரணியில் வெள்ளம் வந்ததே, அதற்கு இரண்டு மாதம் கழித்து. நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் “ஆற்றில் வெள்ளம் கரைபுரண்டு ஓடியது” என்று ஒரு எழுத்துப் பிசகாமல் வாசித்தான். “என்னலே நடந்திச்சு?” என்று கேட்டேன். “கரை உருண்டு ஓடிட்டு டீச்சர்” என்றான். வகுப்பு சிரித்தது, நான் புத்தகத்தை மூடச் சொன்னேன். “டிசம்பர்ல நம்ம ஆத்துல என்ன நடந்திச்சு?” அவ்வளவுதான், பத்து நிமிடம் பேசினான். வாசப்படி வரைக்கும் தண்ணி வந்துட்டு, ஆட்டுக்குட்டியைத் தூக்கித் தட்டட்டியில (மொட்டை மாடியில்) ஏத்துனோம், குறுக்குத்துறைக் கோயில் முங்கிக் கெடந்ததைப் போன்ல பாத்தேன். “அதத்தாம்ல புத்தகத்துல போட்டிருக்கு” என்றேன். புத்தகத்தைத் திறந்து அந்த வரியை மறுபடி வாசித்தான். இந்தத் தடவை ‘கரைபுரண்டு’ என்ற இடத்தில் குரல் மாறியது.

அந்தப் பையனுக்கு எழுத்து தெரியும். வெள்ளமும் தெரியும், நம்மில் பல பேரைவிட நன்றாகவே தெரியும். இரண்டுக்கும் நடுவில் ‘கரைபுரண்டு’ என்ற ஒரு சொல் கதவு மாதிரி சாத்தியிருந்தது.

1986-ல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை ஒரு கணக்காகவே எழுதினார்கள். வாசித்துப் புரிந்துகொள்வது என்பது எழுத்தை ஓசையாக்கும் திறனையும், கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வரும் விடை. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒரு பக்கம் பூஜ்யம் என்றால் விடையும் பூஜ்யம். உங்கள் பிள்ளைக்கு எந்தப் பக்கம் குறை என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. அதே பாடத்தை நீங்கள் வாசித்துக் காட்டி, கதை கேட்பது மாதிரிக் கேட்கச் சொல்லுங்கள். கேட்டால் புரிகிறது, வாசித்தால் புரியவில்லை என்றால் எழுத்துப் பழக்கம் போதாது. கேட்டாலும் புரியவில்லை என்றால் சொல்வளமும் உலக விவரமும் போதாது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

“கேள்விக்கெல்லாம் பதில் கரெக்டா எழுதுதான். அப்போ புரிஞ்சுதான இருக்கு?”

இதைப் பாருங்கள்: “சொரட்டு மிலையில் பூங்கன் தவளித்தது. மிலையில் எது தவளித்தது?” பூங்கன். முழு மார்க். இந்தச் சொற்களுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது, நான் இப்போது இட்டுக்கட்டியவை. கோடிட்ட இடத்தை நிரப்புகிற பாதிக் கேள்விகள் இப்படித்தான் இருக்கின்றன.

புரிந்ததா என்று பார்க்க, வரியில் இல்லாததைக் கேளுங்கள். “முத்து குடையை மறந்துவிட்டான். வீட்டுக்குள் வந்ததும் அம்மா துண்டை எடுத்து நீட்டினாள்.” மழை பெய்ததா? மழை என்ற சொல்லே அதில் இல்லை. பிள்ளை “ஆமா” என்று சொல்லி, எப்படித் தெரியும் என்று விளக்கினால் அது வாசிப்பு.

“வீட்டுல நாங்க பேசுறது ஒண்ணு, புத்தகத்துல இருக்கது ஒண்ணு. நம்ம பேச்சால பிள்ள படிப்பு கெடுதோ?”

இல்லவே இல்லை. இந்தக் கேள்வியை ஒரு தாய் தலைகுனிந்து கேட்டபோது எனக்கு நெஞ்சு கனத்துப் போனது. நம் பேச்சில் இருக்கும் ‘பைய’ திருக்குறளில் இருக்கிற சொல். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

ஆனால் பேச்சுக்கும் எழுத்துக்கும் தூரம் இருப்பது உண்மை. பிள்ளை அதில் எங்கே இடறும் என்று தெரிந்துவைத்திருப்பது நல்லது. நம் ஊரில் ‘பஸ் வந்துட்டு’ என்றால் பஸ் வந்துவிட்டது என்று பொருள், வாக்கியம் முடிந்துவிட்டது. புத்தகத்தில் ‘வந்துவிட்டு’ என்றால் வாக்கியம் இன்னும் முடியவில்லை, பின்னால் ஏதோ வரப்போகிறது. “பேருந்து நின்றுவிட்டுப் புறப்பட்டது” என்ற வரியில் என் வகுப்புப் பிள்ளைகள் பல பேர் ‘நின்றுவிட்டு’ என்ற இடத்தில் முற்றுப்புள்ளி வைத்த மாதிரி நின்றுவிடுவார்கள். “புறப்பட்டது யாரு?” என்று கேட்டால் தெரியாது. இது கவனக்குறைவு இல்லை. அவர்கள் வீட்டுத் தமிழின் இலக்கணத்தைச் சரியாகப் பின்பற்றுகிறார்கள். இரண்டு வரியையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ‘நாம இப்படிச் சொல்லுவோம், புத்தகம் இப்படிச் சொல்லும்’ என்று ஒரு தடவை காட்டினால் போதும். அப்புறம் அவர்களே இப்படிப்பட்ட சோடிகளைத் தேடிக்கொண்டு வருவார்கள்.

வாசித்ததை வீட்டுப் பேச்சில் திருப்பிச் சொல்லவிடுங்கள். “புத்தகத்தில் இருக்கிற மாதிரியே சொல்லு” என்றால் ஒப்பிப்பார்கள். “உன் வாயால சொல்லு” என்றால் யோசிப்பார்கள்.

“ஒரே கதையத் திரும்பத் திரும்ப வாசிச்சா மனப்பாடம் ஆயிடாதா?”

கொஞ்சம் ஆகும், ஆகட்டும். ஐம்பது முதல் நூறு சொல் இருக்கும் ஒரு சின்னப் பகுதியை மூன்று, நாலு தடவை ஒரு பெரிய ஆள் பக்கத்தில் இருந்து திருத்த, சத்தமாக வாசிப்பது சரளத்தை வளர்க்கும் என்பது நன்றாக நிரூபணமான விஷயம். 2000-ல் அமெரிக்காவில் வெளிவந்த தேசிய வாசிப்புக் குழு அறிக்கையும் இதையே சொன்னது. மனப்பாடமா வாசிப்பா என்ற சந்தேகம் வந்தால், கதையின் நடுவில் ஒரு சொல்லின் மேல் விரல் வைத்து “இது என்ன?” என்று கேட்டுவிடுங்கள். தெரிந்துபோகும்.

பத்துச் சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் தடுக்கினால் அந்தப் பகுதி இப்போதைக்குக் கடினம். வேறு எடுங்கள்.

“எனக்கே வாசிக்கத் தெரியாது. ஆயிரம் பீடி சுத்துனாத்தான் கூலி. நான் என்னத்தச் சொல்லிக் கொடுக்க?”

முக்கூடல் பக்கம் இருந்து வந்த ஒரு ஆச்சி இதைக் கேட்டார். நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டாம் ஆச்சி, கேட்டால் போதும். மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றும்போது பேத்தியைப் பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். நடுநடுவே “பொறவு?” என்று கேளுங்கள். “அவன் ஏன் அப்படிச் செஞ்சான்?” என்று கேளுங்கள். புரியவில்லை என்றால் “எனக்கு வெளங்கல, மறுபடி சொல்லு” என்று சொல்லுங்கள். எழுத்து தெரியாத உங்களுக்குப் புரிகிற மாதிரி வாசிக்க வேண்டும் என்றால் அவள் நிறுத்தி, ஏற்றி இறக்கி வாசித்தாக வேண்டும். ஒரு பயிற்சி பெற்ற ஆசிரியை அதற்குமேல் செய்துவிட முடியாது.

இன்னொன்று உங்களிடம்தான் இருக்கிறது: கதை. ஊர்க் கதை, கோயில் கொடைக் கதை, உங்கள் சின்ன வயசுக் கதை, விடுகதை, சொலவடை. பெருக்கல் கணக்கில் கேட்டுப் புரிந்துகொள்ளும் பக்கம் என்றேனே, அது இதில்தான் நிறைகிறது.

“மூணாங் கிளாஸ் வரைக்கும் நல்லாத்தான் இருந்தான். நாலாங் கிளாஸ்ல திடீர்னு மார்க் எறங்கிட்டு.”

பிள்ளை இறங்கவில்லை, பாடம் ஏறிவிட்டது. மூன்றாம் வகுப்பு வரை வாசிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். அதன் பிறகு வாசித்துத்தான் மற்றதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஜீன் சால் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1983-ல் வாசிப்பின் படிநிலைகளை வகுத்தபோது இந்தத் திருப்பத்தைத் தெளிவாகக் காட்டினார். அதுவரை பாடத்தில் வந்ததெல்லாம் காக்கா, நரி, மழை, அம்மா. இப்போது ‘ஆவியாதல்’, ‘நிலப்பரப்பு’, ‘பாசனம்’ என்று பேச்சில் வராத சொற்கள்.

தெரிந்த உலகத்தைப் பற்றி வாசிக்கும்போது சுமாரான வாசகரும் நன்றாகவே புரிந்துகொள்வார். பனையேறுவதைப் பற்றி ஒரு பத்தி கொடுத்தால் திசையன்விளைப் பிள்ளை பாளை சீவுவது, கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது, பதநீர் இறக்குவது எல்லாவற்றையும் கண்முன்னே பார்த்துக்கொண்டு வாசிக்கும். டவுனில் வளர்ந்த கெட்டிக்காரப் பிள்ளை எழுத்துப் பிழை இல்லாமல் வாசித்துவிட்டு, சுண்ணாம்பு எதற்கு என்று முழிக்கும். பனிப்பொழிவைப் பற்றிய பாடத்தில் இரண்டு பேரும் முழிப்பார்கள். அதனால் பாடத்தை வாசிக்கும் முன்பே அதைப் பற்றிப் பேசுங்கள். ‘பாசனம்’ பாடம் என்றால் ஞாயிற்றுக்கிழமை கன்னடியன் கால்வாய்க் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், இந்தத் தண்ணி எங்கிருந்து பிரிந்து எந்த வயலுக்குப் போகிறது என்று காட்டுங்கள். திரும்பி வந்து பாடத்தை எடுத்தால் சொல்லுக்கெல்லாம் முகம் இருக்கும்.

“இங்கிலீஷ் மீடியத்துல சேத்துட்டோம். தமிழ் வாசிப்பு இனி எதுக்கு?”

தமிழில் ஒரு எழுத்தைக் கற்றுவிட்டால் அது பெரும்பாலும் ஏமாற்றாது. ‘ப’ பல்லில் ஒரு மாதிரியும் பஸ்ஸில் ஒரு மாதிரியும் ஒலிக்கும். ஆனாலும் சொல் தெரிந்த பிள்ளைக்கு அது தானாக வந்துவிடும். ஆங்கிலத்தில் ‘புட்’ (put), ‘பட்’ (but) இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ‘யூ’ எழுத்துதான். அங்கே எழுத்துக்கூட்டும் வேலையே நீளம். ஏற்கெனவே தெரிந்த மொழியில் வாசிப்பு என்றால் என்ன, வரிக்குப் பின்னால் பொருள் இருக்கிறது என்பதெல்லாம் பிடிபட்டுவிட்டால் இரண்டாவது மொழிக்கு அது கூடவே வரும். ஆகவே வீட்டில் தமிழ்க் கதைப் புத்தகத்தை நிறுத்தாதீர்கள்.

“விரல் வச்சு வாசிக்கலாமா? சத்தமா வாசிக்கணுமா, மனசுக்குள்ளயா?”

தொடக்கத்தில் விரல் வைக்கட்டும். வரி தவறாமல் இருக்கும். சரளம் வந்ததும் விரல் தானாக விலகும். மூன்று, நாலாம் வகுப்பு வாக்கில் உதடு அசைவது குறைந்து வாசிப்பு உள்ளே போகும். அப்புறமும் வாரத்தில் சில நாள் சத்தமாகக் கேளுங்கள்.

“ல, ள, ழ எல்லாத்தையும் மாத்தி வாசிக்கா. மூளையில ஏதும் கொறையா?”

ல-ள-ழ, ன-ண, ர-ற குழப்பம் நம் பேச்சிலேயே இருக்கிறது. அதை மட்டும் வைத்து எதுவும் முடிவு கட்ட வேண்டாம். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். பலகையில் இருப்பது தெரியாததால் ‘மந்தம்’ என்று பேர் வாங்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டும் சரியாக இருந்து, நன்றாகச் சொல்லிக் கொடுத்தும் மூன்றாம் வகுப்பில் எழுத்துகள் மனதில் நிற்கவில்லை, நேற்று வாசித்த சொல் இன்று புதிதாகத் தெரிகிறது, வாயால் கேட்டால் கெட்டிக்காரத்தனமாகப் பதில் சொல்லும் பிள்ளை எழுத்தில் மட்டும் திணறுகிறது, குடும்பத்தில் வேறு யாருக்கும் இப்படி இருந்தது என்றால் அது டிஸ்லெக்சியாவாக இருக்கலாம். அதற்கும் அறிவுக்கும் சம்பந்தம் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், டிஸ்லெக்சியா அடங்கும் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்பதையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கேட்கலாம். உங்கள் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருப்பார்கள், அங்கிருந்து தொடங்குங்கள். அடித்தோ, நூறு தடவை எழுத வைத்தோ இது சரியாகாது.

“புத்தகம் வாங்க வசதி இல்ல. எங்க கெடைக்கும்?”

அரசுப் பள்ளி என்றால் பள்ளியிலேயே கேளுங்கள். வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நாலு தரமாகப் பிரித்து வந்திருக்கின்றன; பிள்ளை எந்த வகுப்பு என்று பார்க்காமல் எந்தத் தரத்தில் தடங்கல் இல்லாமல் போகிறதோ அங்கே தொடங்குங்கள். நாலு, ஐந்தாம் வகுப்புக்கு ‘ஊஞ்சல்’, அதற்கு மேல் ‘தேன்சிட்டு’ இதழ்கள் உண்டு. பாளையங்கோட்டையில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது, பக்கத்து ஊரிலும் கிளை நூலகம் இருக்கும். போன் இருக்கிற வீட்டில் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம். ஆனால் பிள்ளையிடம் போனைக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடாதீர்கள்; கதை ரெண்டு நிமிடத்தில் வீடியோவாக மாறிவிடும். கடை பெயர்ப் பலகை, கல்யாணப் பத்திரிகை, பொட்டலம் கட்டி வந்த செய்தித்தாள், எல்லாமே வாசிக்கத்தான்.

“எம்மவன் கொரோனா நேரத்துல ஒண்ணாங் கிளாஸ் சேந்தவன். பெரிய கிளாஸுக்குப் போயும் தடுமாறுதான். இனிமே முடியுமா?”

முடியும். 2020-ல் சேர்ந்த பிள்ளைகள் வகுப்பறையில் ஒழுங்காக உட்கார்ந்ததே 2021 நவம்பர் 1-ஆம் தேதிக்குப் பிறகுதான். அப்போது அவர்கள் இரண்டாம் வகுப்பு. எழுத்து படிக்க வேண்டிய வருடம் அப்படியே போய்விட்டது. இல்லம் தேடிக் கல்வியும், 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் அதை ஈடுகட்டத்தான் வந்தன. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்தது நல்ல யோசனை. ஆனாலும் இவர்கள் வயதுப் பிள்ளைகளில் சில பேர் இடையில் விடுபட்டுப் போனார்கள்.

பெரிய பிள்ளைகளுக்குக் காக்கா நரிக் கதையைக் கொடுத்தால் அவமானப்படுவார்கள். அப்படி ஒரு பையனை எனக்குத் தெரியும். புத்தகம் என்றாலே எழுந்து ஓடுவான். அவனை பஸ் ஸ்டாண்டில் வைத்துத்தான் பிடித்தேன். வருகிற பஸ் எல்லாவற்றின் போர்டையும் எனக்கு வாசித்துச் சொல்ல வேண்டும், கண்ணாடியை மறந்துவிட்டேன் என்றேன். அம்பாசமுத்திரம், பாபநாசம், வீரவநல்லூர், களக்காடு. முதலில் எழுத்துக்கூட்டினான். அடுத்த வாரம் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்தே சொன்னான். பிறகு கிரிக்கெட் செய்தி. முதலில் தலைப்பு மட்டும், அப்புறம் ஒரு பத்தி. நாலு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் முழுப் பத்தியையும் நிறுத்தி நிறுத்தி வாசித்து முடித்துவிட்டு, “டீச்சர், இதுல தப்பாப் போட்டிருக்கான். அவுட் ஆனது அந்த ஓவர்ல இல்ல” என்றான்.